அடிக்கடி கெடும் மேக்ரோ கோப்பு: துடைப்பதா, பிரிப்பதா, விட்டுவிடுவதா?

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை வட்டாரத்துச் சிறு கடைகளின் சம்பளக் கணக்கு பெரும்பாலும் ஒரு எக்செல் கோப்பில்தான் ஓடுகிறது. யாரோ எப்போதோ எழுதிக் கொடுத்த மேக்ரோ (எக்செல்லுக்குள் தானாக வேலை செய்யும் சிறு நிரல்), அதைச் சுற்றி வளர்ந்துவிட்ட ஷீட்டுகள், மாதம் பிறந்தால் 'சேவ் ஆஸ்' கொடுத்து ஒரு புதுப் பெயர். ஓடுகிற வரை யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மத்திய சேம நிதிச் சந்தாவுக்கான 14ஆம் தேதி நெருங்கும்போது பார்த்துத்தான் அது திறந்த கையோடு மூடிக்கொள்ளும்.

இப்படிப்பட்ட கோப்புகளைப் பராமரிப்பது என் வேலையில் ஒரு பகுதி. தொல்லை அளவு மீறியபோது இருக்கிற வழிகளை எடைபோட்டு ஒன்றுக்கு மாறினேன். ஆகவே இது நடுநிலையான அலசல் அல்ல. நிரலை ஆட்-இன் கோப்புக்கும் (எக்செல்லோடு இணைத்துக்கொள்ளும் தனி நிரல் கோப்பு) தரவைச் சாதாரணக் கோப்புக்கும் பிரித்துவிடுவதே என் கட்சி.

ஒப்பிடும் முன் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்: கெட்டிருப்பது கோப்பா, நிரலா? எக்செல் உள்ளிருந்தே 'ஓப்பன்' கொடுத்து, ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி கோப்பைத் திறந்தால் தொடக்க மேக்ரோ ஓடாது. அப்போது அமைதியாகத் திறந்தால் குற்றவாளி பெரும்பாலும் நிரல்தான். செல் மாறும்போது ஓடும் நிகழ்வு நிரல் தானே ஒரு செல்லை மாற்றி, அதனால் தன்னையே மறுபடி அழைத்துக்கொள்வது மிகப் பழைய வியாதி. உள்ளே நுழைந்ததும் 'எனேபிள் ஈவண்ட்ஸ்' அமைப்பை அணைத்து, பிழை நேர்ந்தாலும் சரி, வெளியேறும் முன் மறுபடி போட்டுவிட்டால் அது தீரும். இன்னொன்று 64 பிட் எக்செல். நிரல் விண்டோஸை நேரடியாக அழைக்கும் ஏபிஐ வரிகளுக்கு அங்கே எக்செல் 2010இலிருந்து 'பிடிஆர்சேஃப்' என்ற சொல் தேவைப்படுகிறது. அந்தச் சொல்லை மட்டும் ஒட்டிவிட்டு, முகவரி தாங்கும் மாறிகளை 'லாங்' ஆகவே விட்டுவைத்தால், தொகுக்கும்போது (கம்பைல்) ஒரு முனகலும் இராது. ஓடும்போது எக்செல் மொத்தமாகச் சாயும். 'லாங்பிடிஆர்' என்று மாற்ற வேண்டும். இந்த வகைக் கோளாறுகளுக்குக் கீழே வரும் எந்த வழியும் மருந்தல்ல.

கோப்பே கெடுகிறது என்றால் அதன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எக்ஸ்எல்எஸ்எம் (மேக்ரோ தாங்கும் எக்செல்) கோப்பின் பிரதி ஒன்றை ஜிப் என்று பெயர் மாற்றித் திறந்து பாருங்கள். ஷீட்டுகள் எக்ஸ்எம்எல் உரையாகத் தனித்தனியே கிடக்கும். மேக்ரோ முழுவதும் 'விபிஏபுராஜெக்ட்.பின்' என்ற ஒரே பைனரிப் பொட்டலத்தில் இருக்கும். நாம் எழுதிய நிரல் அதற்குள் சுருக்கப்பட்ட உரையாக ஒரு பக்கமும், எக்செல் தொகுத்து வைத்த வடிவமாக இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்த இரண்டும் ஒத்துப்போகாத நாளில்தான் காரணமே புரியாத சாவுகள் நேர்கின்றன. நேற்று ஓடிய கோப்பு, ஒரு வரியும் மாறாமல் இன்று திறக்க மறுக்கிறது.

எக்செல்லின் பழுதுபார்ப்பு வசதியான 'ஓப்பன் அண்ட் ரிப்பேர்' கொடுத்தால் பல சமயம் கோப்பு பிழைத்துவிடும். ஆனால் பிழைத்த பிறகு வரும் அறிக்கையை நிதானமாகப் படிக்க வேண்டும். நீக்கப்பட்ட பகுதி என்று அதே விபிஏபுராஜெக்ட் அங்கே குறிக்கப்பட்டிருந்தால், எக்செல் ஷீட்டுகளைக் காப்பாற்றி, மேக்ரோவை முழுவதுமாகத் தூக்கி எறிந்துவிட்டது என்று பொருள். அந்தக் கோப்பை அப்படியே பழைய கோப்பின் மேல் சேமித்துவிட்டால் நிரல் போனது போனதுதான்.

முதல் வழி, துடைப்பது. எல்லா மாட்யூல்களையும் (நிரல் பகுதிகள்) ஃபார்ம்களையும் (உள்ளீட்டுப் படிவங்கள்) ஏற்றுமதி செய்து, கோப்பை எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆகச் சேமித்து மேக்ரோவை உதிர்த்துவிட்டு, மூடித் திறந்து, மறுபடி இறக்குமதி செய்து எக்ஸ்எல்எஸ்எம் ஆக்குவது. தொகுத்த வடிவம் புதிதாக உருவாவதால் கோப்பு தெளிந்துவிடும். செலவு இல்லை, யாருக்கும் புதிதாக எதையும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஷீட்டுகளுக்குள்ளும் முழுக் கோப்புக்குமான 'திஸ்ஒர்க்புக்' பகுதியிலும் இருக்கும் நிரலை மட்டும் இறக்குமதி செய்யாமல் கையால் ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் அவை தனி கிளாஸ் மாட்யூல்களாக வந்து உட்கார்ந்துகொள்ளும், எந்த நிகழ்வும் ஓடாது. ஃபார்ம் கோப்போடு அதன் எஃப்ஆர்எக்ஸ் துணையையும் சேர்த்தே வைத்திருக்க வேண்டும்.

நிரலுக்குள் தமிழ் எழுத்துகளைத் தட்டச்சு செய்யும் வழக்கம் இருந்தால் இந்த வழியில் ஒரு தடங்கலும் தெரியவரும். மேக்ரோ எழுதும் விபிஏ மொழியின் எடிட்டருக்கு யூனிகோடு தெரியாது. தமிழ் எழுத்துகள் அங்கே கேள்விக்குறிகளாக நிற்கும், ஏற்றுமதியிலும் அப்படியே. ரசீதுக்கும் சம்பளச் சீட்டுக்கும் தேவையான தமிழ்ச் சொற்களை ஒரு ஷீட்டில் வைத்து, நிரல் அங்கிருந்து எடுத்துக்கொள்வதே ஒழுங்கு.

துடைப்பதில் என் குறை, அது நோயை அல்ல, காய்ச்சலை மட்டும் இறக்குகிறது என்பதே. பயனர் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் எக்செல் முழுப் பொதியையும் புதிதாக எழுதுகிறது. தற்காலிகக் கோப்பு ஒன்றில் எழுதி முடித்துப் பிறகு பெயர் மாற்றுவதுதான் அதன் முறை. பகிர்வு இயக்ககத்தில் வேலை செய்யும்போது நடுவில் இணைப்பு அறுந்தால், எண்ணும் எழுத்துமாக எட்டு எழுத்துப் பெயரோடு, நீட்சி எதுவும் இல்லாத அநாதைக் கோப்புகள் கோப்புறையில் தங்கிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி எழுதும் ஒவ்வொரு தடவையும் நிரலும் தரவோடு சேர்ந்து பணயம் வைக்கப்படுகிறது.

இரண்டாவது வழி எக்ஸ்எல்எஸ்பி, அதாவது எக்செல்லின் பைனரி வடிவம். சிறியது, வேகமாகத் திறக்கும், மேக்ரோவையும் தாங்கும். ஆனால் உள்ளே இருப்பது அதே விபிஏபுராஜெக்ட். கெடுவது அதுதான் என்றால் எக்ஸ்எல்எஸ்பிக்கு மாறி என்ன பயன்? ஷீட்டுகளும் பைனரியாகிவிடுவதால், ஜிப்பைப் பிரித்து எக்ஸ்எம்எல் உரையிலிருந்து எண்களைப் பொறுக்கி எடுக்கும் கடைசி வாய்ப்பும் போய்விடுகிறது. பெரிய தரவுக்கு நல்ல வடிவம். இந்த நோய்க்கு மருந்தல்ல.

மூன்றாவது, என் தேர்வு. நிரல் முழுவதும் எக்ஸ்எல்ஏஎம் எனும் ஆட்-இன் கோப்பில். மாதாந்திரக் கணக்கு மேக்ரோ இல்லாத எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பில். ஆட்-இன் கோப்பைப் படிக்க மட்டும் என்று குறித்துப் பகிர்வு இயக்ககத்தில் வைத்துவிட்டால், பயனர் சேமிக்கும்போது அதை யாரும் தொடுவதில்லை. எக்செல் நடுவில் சாய்ந்தால் அந்த மாத ஷீட்டு மட்டும் அடிபடும். முந்தைய பிரதியை எடுத்து மறுபடி ஓட்டினால் முடிந்தது. நிரலைத் தேடி யாரும் அலைய வேண்டாம்.

வேகம், அளவு என்று மற்றவர்கள் பேசட்டும். என்னைச் சாய்த்தது பராமரிப்பு, அதிலும் குறிப்பாக ஜனவரி மாதம். சேம நிதிக்கான மாதச் சம்பள உச்சவரம்பு 2024 ஜனவரியில் 6,800 வெள்ளி, 2025இல் 7,400, 2026இல் 8,000. பொருள் சேவை வரி 2023இல் 7 விழுக்காட்டிலிருந்து 8 ஆகி, 2024இல் 9 ஆனது. 55 வயதைத் தாண்டியவர்களின் சந்தா விகிதங்களும் படிப்படியாக ஏறி வந்திருக்கின்றன. நிரல் கோப்புக்குள்ளேயே குடியிருந்தால் ஒவ்வொரு கடையின் ஒவ்வொரு பிரதியையும் திறந்து, திருத்தி, சேமிக்க வேண்டும். ஒவ்வொரு திறப்பும் இன்னொரு முறை கெடுவதற்கான வாய்ப்பு. மார்ச்சில் கண்டுபிடித்த பிழை பிப்ரவரிப் பிரதியில் சிரித்துக்கொண்டே இருக்கும். யாராவது அந்தப் பிரதியிலிருந்து அடுத்த மாதத்தைத் தொடங்கினால் செத்த பிழை உயிர்த்தெழும். ஆட்-இன் என்றால் ஒரே இடத்தில் திருத்தம்.

இதற்குள் ஒரு கண்ணியும் இருக்கிறது. ஒரே நிரல் எல்லா மாதங்களுக்கும் பொது என்பதால், 2024 கோப்பைத் திறந்து மறுபடி கணக்கிட்டால் அது 2026 உச்சவரம்பைப் போட்டுவிடலாம். அதனால் விகிதங்களை நிரலில் எண்களாக எழுதக் கூடாது. நடைமுறைக்கு வந்த தேதியோடு ஒரு அட்டவணையாக ஆட்-இன்னின் உள் ஷீட்டில் வைத்து, சம்பள மாதத்துக்கு உரிய வரியை எடுக்கச் சொல்ல வேண்டும். இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவுக்குச் சம்பளத்தில் பிடிக்கும், வருமான அடுக்குக்கு ஏற்ப மாறும் சந்தாவுக்கும் அதே ஏற்பாடு.

இன்னொரு பக்கம், வணிகக் கணக்குகளை 5 ஆண்டுகளாவது வைத்திருக்க வேண்டும் என்பது உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் விதி. அத்தனை காலம் கழித்து, வேறொரு கணினியில், வேறொரு எக்செல் பதிப்பில் ஒரு மேக்ரோ கோப்பு திறக்கும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன். மேக்ரோ இல்லாத எக்ஸ்எல்எஸ்எக்ஸ் மீது கட்டுவேன். தணிக்கையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பவும் அதுவே வசதி, ஏனென்றால் இணையம் வழியே வந்த கோப்புகளின் மேக்ரோக்களை 2022இலிருந்து எக்செல் இயல்பாகவே தடுக்கிறது.

பிரிப்பதற்கு விலை உண்டு. நிரலில் 'திஸ்ஒர்க்புக்' என்று எழுதிய இடமெல்லாம் இனி ஆட்-இன்னைச் சுட்டும். தரவுக் கோப்பைச் சுட்ட வேண்டிய இடங்களை ஒன்றுவிடாமல் மாற்ற வேண்டும். 'ஆக்டிவ்ஒர்க்புக்' (அப்போது முன்னால் நிற்கும் கோப்பு) என்று கண்மூடித்தனமாக மாற்றினால் பயனர் வேறு கோப்பில் நிற்கும்போது அங்கே போய் எழுதிவிடும். ஆகவே, ஷீட்டின் பெயரையோ ஒரு அடையாளச் செல்லையோ சரிபார்த்த பிறகே எழுத வேண்டும். ஷீட்டில் இருந்த பொத்தான்களை ரிப்பனுக்கோ மேல் பட்டைக்கோ நகர்த்த வேண்டும். சொந்தமாக எழுதிய சூத்திரங்கள் ஆட்-இன் இருக்கும் பாதையைக் கோப்புக்குள் பிடித்துக்கொள்ளும். ஆட்-இன்னை இடம் மாற்றினால் செல்களில் பழைய பாதை முளைக்கும். நிறுவும்போது, ஆட்-இன்ஸ் கோப்புறைக்குப் பிரதி எடுக்கட்டுமா என்று எக்செல் கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கணினி பழைய பதிப்பிலேயே உறைந்துவிடும். ஆட்-இன்னில் செய்த மாற்றங்களைச் சேமிக்கவா என்று எக்செல் மூடும்போது கேட்பதும் இல்லை. அதனால் எழுதுவதை எக்ஸ்எல்எஸ்எம் ஆகவே வைத்துக்கொண்டு, வெளியிடும்போது மட்டும் எக்ஸ்எல்ஏஎம் ஆகச் சேமிப்பது நல்லது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் மாட்யூல்களை வெற்று உரையாகவும் ஏற்றுமதி செய்து வைத்தால், எந்தப் பைனரி கெட்டாலும் அந்த உரையிலிருந்து மீட்டுவிடலாம்.

நான்காவது வழி, விபிஏவையே விட்டுவிடுவது. அதற்கு மாற்றான ஆஃபிஸ் ஸ்கிரிப்ட்ஸ் டைப்ஸ்கிரிப்ட் என்ற மொழியில் எழுதப்படுகிறது. ஸ்கிரிப்ட் கணக்குக் கோப்புக்கு வெளியே ஒன்டிரைவில் தங்குவதால் நான் பெருமையாகச் சொன்ன பிரிவினை அங்கே பிறவியிலேயே அமைந்திருக்கிறது. செல் மாறியதும் தானாக ஓடுவது, உள்ளூர்க் கோப்புறையில் இருக்கும் கோப்புகளைத் தொடுவது ஆகியவை கிடையா. மைக்ரோசாஃப்ட் 365 உரிமத்தைப் பொறுத்தே அது கிடைக்கிறது. சிறு சோதனைகளுக்கு மேல் நான் அதை ஓட்டியதில்லை, ஆகவே தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை குறைவு. பல கோப்புகளை இறக்கிச் சேர்க்கும் வேலையை மட்டும் எக்செல்லிலேயே இருக்கும் பவர் குவெரி கருவிக்கு மாற்றினேன், அதில் குறை காணவில்லை.

பைத்தான் மொழியின் பக்கம் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எக்செல் கோப்புகளைக் கையாளும் ஓப்பன்பைஎக்ஸ்எல் நூலகத்தில் 'கீப் விபிஏ' அமைப்பை இயக்காமல் ஒரு எக்ஸ்எல்எஸ்எம் கோப்பைத் திறந்து அதே பெயரில் சேமித்தால் மேக்ரோ காணாமல் போகும். அதோடு, நீட்சியும் உள்ளடக்கமும் பொருந்தாததால் எக்செல் அதைத் திறக்கவே மறுக்கும். 'தானாகக் கெட்ட' கோப்பு என்று யாராவது கொண்டுவந்தால், பைத்தான் தெரிந்த தம்பி யாராவது அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாரா என்றும் கேட்டுப் பாருங்கள்.

ஒரே ஆள், ஒரே கோப்பு, ஆண்டுக்கு ஒருமுறை ஓடும் மேக்ரோ என்றால் பிரிக்கும் உழைப்பு வீண். ஏற்றுமதி செய்த மாட்யூல்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு துடைப்பதே போதும். மேக் கணினியில் ஆட்-இன் வைத்து நான் நெடுநாள் வேலை செய்ததில்லை. அங்கே இருப்பவர்கள் ஒரு கோப்பில் சோதித்துவிட்டு மற்றவற்றைத் தொடலாம். மூன்று கணினிகளுக்கு மேல் ஒரே மேக்ரோ ஓடுகிற இடத்தில், அடுத்த ஜனவரித் திருத்தம் வருவதற்கு முன்பே பிரித்துவிடுங்கள். மாற்றத்துக்குத் தோதான மாதம் நவம்பர். டிசம்பர் போனஸ் கணக்கு புது அமைப்பில் ஒருமுறை ஓடிவிட்டால், எங்கெங்கே 'திஸ்ஒர்க்புக்' விட்டுப்போயிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.