இறுதிச்சுற்றா, சார்பட்டாவா?

இரண்டும் குத்துச்சண்டைப் படங்கள். இரண்டுக்கும் இசை சந்தோஷ் நாராயணன்.

நீளம்: 'இறுதிச்சுற்று' (2016) இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 'சார்பட்டா பரம்பரை' (2021) கிட்டத்தட்ட மூன்று மணி நேரம்.

சண்டை: இறுதிச்சுற்றின் நாயகி ரித்திகா சிங் நிஜத்திலேயே கிக்பாக்ஸிங் வீராங்கனை, குத்து விழும்போது நடிப்பென்று தோன்றாது. சார்பட்டாவில் ஆளுக்கு ஆள் பாணி மாறும். டான்சிங் ரோஸின் கால்கள் ஓரிடத்தில் நிற்காது. வேம்புலியோ முரட்டுப் பலம். எதிராளிக்கேற்ப நாயகன் கபிலனும் மாறியாக வேண்டும். அதனால்தான் அத்தனை சண்டை வந்தும் அலுப்பதில்லை.

சறுக்கல்: முன்னதில் பயிற்சியாளர் மீது வரும் காதல் (தேவையே இல்லை). பின்னதில் கபிலன் குடித்துச் சீரழியும் பகுதி இழுவை.

குரு, சிஷ்யை மோதல் பிடிக்குமென்றால் இறுதிச்சுற்று. எழுபதுகளின் வடசென்னை, நெருக்கடிநிலை, பரம்பரை எனப்படும் குத்துச்சண்டைக் குழுக்களின் பகை எல்லாம் வேண்டுமென்றால் சார்பட்டா. ஞாயிறு மதியம் முழுக்க ஒதுக்கிவிடுங்கள்.