கால்வாய் சுவர்ல அரை மைல் ஓவியம், பாத்தே ஆகணும்

லாஸ் ஏஞ்சல்ஸ் போறவங்க ஹாலிவுட் போர்டோட ஒரு போட்டோ எடுத்துட்டு கிளம்பிடுறாங்க, ஆனா சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்குல டுஹங்கா வாஷ்னு ஒரு வெள்ளக் கால்வாய் இருக்கு, அதோட சுவர்லதான் ஓவியர் ஜூடி பாக்கா 1976ல ஆரம்பிச்ச ‘கிரேட் வால்’ ஓவியம் இருக்கு, டிக்கெட்லாம் கிடையாது. நீளம் 2,754 அடிங்க! அந்தம்மா தனியா வரையல, 400க்கு மேல பசங்கள சேத்துக்கிட்டு, அதுல போலீஸ் கேஸ்ல மாட்டினவங்களும் உண்டு, கோடை லீவு லீவா வரைஞ்சிருக்காங்க. ஜப்பானிய அமெரிக்கர்கள முகாம்ல அடைச்சது, லாஸ் ஏஞ்சல்ஸ்ல சாவேஸ் ரவீன்ங்கற பகுதி மக்கள வீட்ட விட்டு துரத்தினதுன்னு பாடப்புத்தகம் ஓரமா தள்ளின கலிஃபோர்னியா வரலாறு பூரா சுவர்ல நிக்குது. அந்த மக்கள துரத்தின சீன்கிட்டயே நான் ரொம்ப நேரம் நின்னுட்டேன், கூட வந்தவன் கடுப்பாயிட்டான்.

குறைன்னா, எதிர்க்கரைல வேலிக்கு இந்தப் பக்கம் நின்னுதான் பாக்கணும், சின்னச் சின்ன டீட்டெய்ல் சரியா தெரியல, பைனாகுலர் எடுத்துட்டு போங்க. பாக்காவுக்கு 2023ல வெள்ளை மாளிகைல நேஷனல் மெடல் ஆஃப் ஆர்ட்ஸ் குடுத்தாங்க, லேட்டுதான். 5க்கு நாலரை, அந்த அரை வேலிக்கு போச்சு.