பொய் லேபிள் தீவனம்: அதிகாரியிடம் புகாரா, இழப்பீட்டு வழக்கா?

மூட்டையில் புரதம் 20 சதவீதம் என்றிருக்கும். தின்ற மாடு மெலிந்துகொண்டே போகும். வாயில்லா ஜீவனுக்காக நாம்தான் கேட்க வேண்டும்.

செலவு: புகாருக்குப் பெரிதாக ஆகாது. வழக்கு என்றால் வக்கீல், பரிசோதனை எல்லாம் நம் கைக்காசு.

பலன்: புகாரால் விற்பனைத் தடை, அபராதம் வரலாம்; நம் நஷ்டம் பெரும்பாலும் திரும்பாது. வழக்கில் பணம் கிடைக்கலாம், அந்தத் தீவனத்தால்தான் நஷ்டம் என்று நிரூபித்தால்.

சான்று: இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பிரித்த மூட்டையின் மாதிரியை எதிர்த்தரப்பு எளிதில் மறுத்துவிடும். பிரிக்காத மூட்டை ஒன்று, தொகுதி எண் (பேட்ச் நம்பர்), ரசீது மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். அப்புறம், வழக்கமான சோதனை நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கித்தான் புரதம் சொல்கிறது; யூரியா கலந்தாலும் எண் ஏறும். யூரியாவைத் தனியே சோதிக்கச் சொல்லுங்கள்.

அதே தீவனம் இன்னும் விற்பனையில் இருந்தால் உடனே புகார். நஷ்டம் பெரிது, சான்றும் உண்டு என்றால் வழக்கு. அப்போதும் புகாரை முதலில் கொடுங்கள். அதிகாரி முறைப்படி எடுக்கும் மாதிரி வழக்குக்கும் கைகொடுக்கும்.