ஹனிபெரியா, பால்சாவா, மல்பெரியா, களாவா: வேலூர் வெயிலுக்கு எது?

மைனஸ் 40 டிகிரி குளிரையும் தாங்கும் பழச்செடி, எந்த மண்ணிலும் வரும், பழம் நீல நிறத்தில் நீளமாக இருக்கும். ஹனிபெரியைப் பற்றி இப்படிப் படித்துவிட்டு, "அவ்வளவு குளிரைத் தாங்குகிற செடி நம்ம வெயிலைத் தாங்காதா?" என்று காட்பாடி நண்பர் ஒருவர் கேட்டார். தாங்காது. அந்தச் செடிக்குக் குளிர் வெறும் சோதனை இல்லை, அடிப்படைத் தேவை. அதனால் அதை ஒரு பக்கம் வைத்து, அதே வேலையை இங்கே செய்யக்கூடிய மூன்று செடிகளை இன்னொரு பக்கம் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் ஹனிபெரிக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். சைபீரியா, கம்சட்கா, ஜப்பானின் ஹொக்கைடோ, கனடாவின் வடபகுதி என்று பனிக்காடுகளில் தானாக வளர்கிற புதர் இது. ஜப்பானில் ஹஸ்கப் என்பார்கள். கனடாவின் சஸ்காட்சுவான் பல்கலைக்கழகம் 'டுண்ட்ரா', 'பொரியாலிஸ்', 'அரோரா' என்று வரிசையாக ரகங்களை வெளியிட்டது. விரிந்த பூவே மைனஸ் 7 டிகிரி வரை கருகாது. அந்த ஊர்களில் ஸ்ட்ராபெரிக்கும் முன்னால் பறிப்புக்கு வந்துவிடும். ப்ளூபெரி மாதிரி அமிலத்தன்மை உள்ள மண்தான் வேண்டும் என்று அடம் பிடிக்காது. காய்ப்புக்கு மட்டும் ஒன்றோடொன்று நெருங்கிய உறவில்லாத இரண்டு ரகங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். கனடாவில் மகனோ மகளோ வீடு வாங்கியிருந்தால், அங்கே வைக்கச் சொல்லுங்கள். அருமையான செடி.

இங்கே சிக்கல் எங்கே வருகிறது? குளிர்நாட்டுச் செடிகளின் மொட்டு, குளிர்காலத்தில் உறங்கும். ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரம் கழிந்தால்தான் அந்த உறக்கம் கலைந்து ஒழுங்காகப் பூக்கும். வேலூரில் மார்கழி இரவிலும் பெரும்பாலும் 15 டிகிரிக்கு மேல்தான். ஏலகிரியும் ஜவ்வாது மலையும் ஆயிரம் மீட்டரை ஒட்டிய உயரம். நமக்கு ஸ்வெட்டர் தேவைப்படும், ஆனால் ஹனிபெரிக்கு அந்தக் குளிர் போதாது. அப்புறம் கோடை. சித்திரை, வைகாசியில் 40 டிகிரி தாண்டும்; சுற்றியுள்ள பாறை மலைகள் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரியில் திருப்பிக் கொடுக்கும். மிதமான கோடையிலேயே இலை கருகும் செடி, இங்கே முதல் அக்னி நட்சத்திரத்தோடு சரி.

"சமவெளியில் ஆப்பிளே காய்க்கிறதே?" என்ற எதிர்க்கேள்வி வரும். நியாயம்தான். ஹிமாசலத்தின் பிலாஸ்பூரில் ஹரிமன் சர்மா என்ற விவசாயி தேர்ந்தெடுத்த 'எச்.ஆர்.எம்.என்.-99' ரகம் குறைந்த குளிரிலேயே காய்க்கிறது. ஆனால் ஆப்பிளில் அப்படியொரு ரகம் கிடைத்ததால்தான் அது நடந்தது. ஹனிபெரியில் ரகம் உருவாக்கியவர்களின் உழைப்பு பெரும்பாலும் பழத்தின் அளவு, சுவை, பறிக்கும் வசதி என்று குளிர்நாட்டுத் தேவைகளைச் சுற்றியே போனது. இணையத்தில் நீலப் படத்தைப் போட்டு விற்கும் விதைப் பொட்டலத்தை நம்பவும் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து செடியோ விதையோ வருவதென்றால் 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி அனுமதியும் நோயின்மைச் சான்றும் வேண்டும். அந்தச் சிரமமெல்லாம் பட்டு வரவழைத்தாலும் வெயில் மாறப்போவதில்லை.

சரி, இங்கே என்ன வைப்பது? என் ஓட்டு பால்சாவுக்கு. வட இந்தியாவில் கோடை சர்பத்துக்குப் பேர்போன பழம், வெயிலுக்கு அசராது. ஹனிபெரியிடம் எதிர்பார்க்கும் எல்லாமே இதில் உண்டு: ஆள் உயரப் புதர், கருநீலம் கலந்த ஊதாப் பழம், இனிப்பைத் தொட்டு வரும் புளிப்பு. பட்டாணியைவிடச் சற்றே பெரிய பழம் பச்சையிலிருந்து சிவந்து, பிறகு கருத்து, மேலே மெல்லிய சாம்பல் பூத்து நிற்கும். ஒரு கொத்தில் எல்லாம் சேர்ந்து பழுக்காது, ஒருநாள் விட்டு ஒருநாள் பொறுக்கிப் பறிக்க வேண்டும். கையால் பிசைந்து, வடிகட்டி, சர்க்கரையும் கொஞ்சம் கருப்பு உப்பும் போட்டுக் குடித்தால், மே மாதத்து மத்தியானத்துக்கு வேறெதுவும் வேண்டாம். பறித்த பழம் மறுநாளே நசநசத்துவிடும். அதனாலேயே சந்தைக்கு அவ்வளவாக வருவதில்லை, வீட்டில் வைத்தால்தான் கிடைக்கும். புதுக்கிளையில்தான் காய்க்கும் என்பதால் கத்தரிக்கோலில் இரக்கம் காட்டக்கூடாது. வடக்கே குளிருக்கு இலை உதிர்த்துத் தானே ஓய்வெடுக்கும், இங்கே உதிர்க்காது. மார்கழி, தை வாக்கில் இடுப்பு உயரத்துக்கு நாமே வெட்டிவிட வேண்டும். தரையில் இடம் இருந்தால் இதுதான்.

மாடியில் ஒரே ஒரு தொட்டிதான் என்றால் மல்பெரி. பென்சில் கனத்தில் மூன்று நான்கு கணு உள்ள குச்சியை ஈர மண்ணில் சொருகினாலே வேர் விடும். யாரிடமாவது ஒரு குச்சி கேட்டு வாங்கினால் போதும். வளர்ந்த கிளையை வெட்டி, மிச்ச இலையையும் உருவிவிட்டால் துளிரோடு காயும் வரும், வருடத்தில் சில முறை இதைச் செய்யலாம். ஹனிபெரியின் நீலத்துக்குக் காரணமான அந்தோசயனின் நிறமிதான் மல்பெரியின் கருமைக்கும் காரணம், சத்துக்காக ஹனிபெரியைத் தேடியவர்கள் இதைக் கவனிக்கலாம். குறைகளும் உண்டு. நன்கு பழுத்தால் தித்திப்புத்தான், அந்தப் புளிப்பு விறுவிறுப்பு இருக்காது. துணி காயும் கொடிக்குப் பக்கத்தில் வைத்தால் வெள்ளைச் சட்டையை மறந்துவிட வேண்டியதுதான். மாவுப்பூச்சியும் வரும். 2008-இல் தமிழ்நாட்டுக்குள் வந்த பப்பாளி மாவுப்பூச்சி மல்பெரித் தோட்டங்களையும் விட்டுவைக்கவில்லை. 2010-இல் அதைத் தின்னும் ஒட்டுண்ணிக் குளவியை விட்ட பிறகே அடங்கியது. தொட்டியில் வெள்ளையாகப் பஞ்சு தெரிந்தால், அந்தக் கிளையை அன்றைக்கே வெட்டி அப்புறப்படுத்துங்கள்.

களாவை மாடிக்கு நான் சொல்லமாட்டேன். முள் ஜோடி ஜோடியாக நிற்கும், குழந்தைகள் ஓடும் இடத்தில் ஆகாது. ஆனால் அணைக்கட்டு, குடியாத்தம் பக்கம் கொல்லை இருக்கிறவர்களுக்கு வேலி, பழம் இரண்டும் ஒரே செலவில் முடியும். நட்டு வேர் பிடித்துவிட்டால் தண்ணீரே கேட்காது. உப்புக் கலந்த போர் தண்ணீரையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். காய் ஊறுகாய்க்கு. பழத்தில் ஜாமைக் கெட்டியாக்கும் பெக்டின் அதிகம் என்பதால், ஜாம் போடுவதில் மற்ற இரண்டும் இதனிடம் நிற்க முடியாது. காயை நறுக்கும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், பால் ஒட்டும்.

எதை வைத்தாலும் கோடையில் நடாதீர்கள். ஆடி, ஆவணி மழையில் நட்டால், ஐப்பசி மழையும் சேர்ந்து, அடுத்த பங்குனி வெயில் ஏறுவதற்குள் வேர் கீழே இறங்கியிருக்கும். குழிக்கு செம்மண்ணோடு நன்றாக மக்கிய தொழு உரம் போதும். தொட்டிக்கு அதோடு கொஞ்சம் மணலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.