பள்ளத்தை நிரப்பும் பொத்தான்: சதுப்பு நிலத்தில் உயரத் தரவோடு சில வருடங்கள்

மரக்காணம் பக்கமுள்ள கழுவெளிச் சதுப்பு நிலத்தை வரைபடமாக்கக் கிளம்பியிருக்கும் நண்பர் ஒருவர், தரையின் உயரத்தைக் கட்டம் கட்டமாகச் சொல்லும் இலவச உயரத் தரவுகளில் எதை இறக்கிக்கொள்ளலாம் என்று கேட்டிருந்தார். தென் சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை வைத்துக்கொண்டு சில வருடங்களாக இந்தத் தரவுகளோடு மல்லுக்கட்டுபவனிடம் இப்படிக் கேட்டால் பதில் ஒரு வரியில் நிற்காது. செயற்கைக்கோள் படம், பிக்சல் அளவு பற்றிய அரிச்சுவடி அவருக்குத் தேவையில்லை. நேரே எரிச்சலுக்கு வருகிறேன்.

நீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கணக்கிட எந்த மென்பொருளைத் திறந்தாலும், முதல் வேலையாகப் பள்ளங்களை நிரப்பச் சொல்கிறது. மலைப்பகுதியில் இது நியாயம்தான். அங்கே தரவில் தெரியும் சிறு குழிகளில் பெரும்பாலானவை அளவீட்டுப் பிழைகள். அவற்றை நிரப்பாவிட்டால் ஓடைகள் கணக்கில் பாதியிலேயே அறுந்துபோகும். ஆனால் இங்கே அந்தக் குழிதான் சதுப்பு நிலம்! நான் எதைத் தேடி வந்தேனோ அதை முதல் கட்டத்திலேயே தூர்த்துவிட்டு, அதன் மேல் அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் இணைகோடுகளாக ஓடைகளைப் போட்டுத் தருகிறது. தென் சென்னையில் லாரி லாரியாக மண்ணும் குப்பையும் கொட்டிச் சாதித்ததை ஒரே பொத்தானில் முடித்துவிடுகிறார்கள்.

சரி, நிரப்பாமல் விடுவோம் என்றால் அடுத்த தொல்லை தலைகாட்டும். நாசாவின் எஸ்ஆர்டிஎம் ஆகட்டும், ஐரோப்பாவின் கோப்பர்நிகஸ் 30 மீட்டர் தரவு ஆகட்டும், இரண்டும் ரேடார் அலையை அனுப்பி, பட்டுத் திரும்புவதை வைத்து எடுத்த உயரத் தரவுகள். அடர்ந்த செடிகொடி இருந்தால் தரைக்குப் பதிலாக அதன் மேற்பகுதியின் உயரம்தான் பெரும்பாலும் பதிவாகும். பள்ளிக்கரணையில் அது சம்பு என்ற, கோரை போன்ற நீர்ச்செடி. ஆள் உயரத்தைத் தாண்டி நெருக்கமாக வளர்ந்து நிற்கும் சம்பின் தலையைத் தரை என்று எடுத்துக்கொண்டால், பக்கத்துச் சாலையைவிடத் தாழ்ந்த இடம் சாலைக்குச் சமமாக, சில இடங்களில் மேடாகவே நிற்கிறது. திறந்த நீர் உள்ள இடத்தில் கிடைப்பதோ நீர்ப்பரப்பின் உயரம். அடியிலுள்ள தரை கிடைக்காது. கோப்பர்நிகஸில் நீர்நிலைகளைச் சீராக்கி ஒரே மட்டமாகவே கொடுக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது, ஏரி எவ்வளவு நீர் பிடிக்கும் என்று கணக்குப் போட உதவாது. ஃபேப்டெம் என்ற தரவு கோப்பர்நிகஸிலிருந்து மரங்களையும் கட்டடங்களையும் கழித்துத் தருகிறது, நகர்ப்பகுதிக்குக் கொஞ்சம் தேவலாம். நீருக்கு அடியில் அதற்கும் கண் கிடையாது.

நியாயமாகப் பேசினால் இது தரவின் குற்றம் இல்லை. கோப்பர்நிகஸில் 4 மீட்டர், எஸ்ஆர்டிஎம்மில் 16 மீட்டர் வரை செங்குத்துப் பிழை இருக்கலாம் என்று ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். சமதளத்தில் இரண்டும் அதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன. அரை மீட்டர் நீர் ஏறினால் ஹெக்டேர் கணக்கில் மூழ்கும் நிலத்தை இவற்றால் அளப்பது, மூட்டை நிறுக்கும் தராசில் மூக்குத்தியை வைப்பது போன்றது. அதிலும் எஸ்ஆர்டிஎம்மில் உயரம் முழு மீட்டரில்தான் வரும். 3, அதை விட்டால் 4. பள்ளிக்கரணையின் கதை முழுவதும் அந்த 3-க்கும் 4-க்கும் இடையில்தான் நடக்கிறது.

இதே தரவு மேற்கே போனால் தங்கம். செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிக்கு ஏரி உபரி நீர் இறங்கிவரும் பாதையை அது பிடித்துக் காட்டியபோது எழுந்து நின்று கைதட்டலாம் போலிருந்தது. எஸ்ஆர்டிஎம் 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் பதினொரு நாளில் எடுத்த அளவீடு என்பதால், பழைய மாமல்லபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடங்கள் வரிசைகட்டுவதற்கு முந்தைய நிலவரமும் அதில் இருக்கிறது. புதிய தரவோடு ஒப்பிட்டால் எங்கே உயர்ந்திருக்கிறது என்று தெரியும். உயர்ந்தது கொட்டிய மண்ணா, எழுந்த மாடியா என்று மட்டும் சொல்லாது.

எதிர்பாராமல் மனதைக் கவர்ந்தது சென்டினல்-1 என்ற ஐரோப்பிய ரேடார் செயற்கைக்கோள். வடகிழக்குப் பருவமழையில் சதுப்பு நிலம் நிரம்பித் ததும்பும் வாரங்களில்தான், கேமராபோல் ஒளியில் படமெடுக்கும் சென்டினல்-2-இன் படங்கள் வெள்ளை வெளேர் என்று மேகமாக வந்து நிற்கும். மேகம் விலகினாலும் ஆகாயத்தாமரை மூடிய நீர் அதில் புல்வெளியாகத்தான் தெரியும், நிறங்களை வைத்து நீரைப் பிரித்துக் காட்டும் நீர்க் குறியீடு கையை விரித்துவிடும். சென்டினல்-1 ரேடாருக்கு மேகம் ஒரு பொருட்டே இல்லை. அமைதியான நீர் ரேடார் அலையை வேறு பக்கம் திருப்பிவிடுவதால் படத்தில் கருப்பாக இருக்கும். நீருக்குள் நிற்கும் சம்பில் அலை நீரிலும் தண்டிலுமாக இருமுறை பட்டுத் திரும்புவதால் பல இடங்களில் பளிச்சென்று தெரியும். கோடைப் படத்தையும் டிசம்பர் படத்தையும் அடுத்தடுத்து வைத்தால், எந்தச் சம்பின் காலடியில் தண்ணீர் இருக்கிறது என்று ஓரளவு பிரித்துவிடலாம். சில்லறைக் குறும்புகள் உண்டு. காற்றடித்து நீர் அலைந்தால் கருப்பு வெளுக்கும். வழவழப்பான எதுவும் அதற்கு நீர்தான். மீனம்பாக்கம் விமான ஓடுபாதை நீளமான ஏரியாகக் காட்சி தரும். கழுவெளிப் பக்கம் மரக்காணம் உப்பளங்களும் அப்படித்தான் குழப்பும், இப்போதே சொல்லிவைக்கிறேன்.

எல்லைக் கோடு விளையாட்டுப் பொருள் இல்லை. பள்ளிக்கரணை 2022-இலும் கழுவெளி 2024-இலும் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள சதுப்பு நிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறிவிட்டன. எந்தச் சர்வே எண் உள்ளே, எது வெளியே என்ற சண்டைக்கு நடுவே ஒரு வரைபடத்தை நீட்டினால், எதை வைத்து வரைந்தாய் என்ற கேள்வி கட்டாயம் வரும்.

மதிப்பெண் என்று கேட்டால் ரேடார் படத்துக்கு ஐந்துக்கு நான்கு. உயரத் தரவுக்கு, மேற்கே அது செய்துகொடுத்த உபகாரத்தை மறக்காமலே சொல்கிறேன், ஒன்றரை. நேற்றிரவும் பள்ளம் நிரப்பி என் சதுப்பு நிலத்தைத் தின்றுவிட்டதால் அரை குறைந்திருக்கலாம். நண்பர் கோப்பர்நிகஸையே இறக்கிக்கொள்ளட்டும், இலவசத்தில் முழுமையாகக் கிடைப்பதில் அதைவிட நல்லது என் கைக்கு வரவில்லை. நீர்பிடிப்புப் பகுதியை அதில் வரையலாம். நீர் தேங்கும் எல்லையை டிசம்பர் மாத ரேடார் படத்தில் வரைந்து, தை பிறந்ததும் கழுவெளி கடலைச் சேரும் எடையன்திட்டு முகத்துவாரம் வரை நடந்து சரிபார்க்க வேண்டும். ஆழம் வேண்டுமென்றால் உள்ளூர் மீனவர் ஒருவரின் படகும், கோடு போட்ட மூங்கில் கழியும்தான் வழி.