20,000 நாள் பிடிக்கும் வாள்: டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு, இரண்டு பதிப்புகள்

ஞாயிறு மதியம் எங்கள் வீட்டு மாடி அறையில் ஐந்து பேர் உட்கார்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுவோம்: ஒருவர் கதை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும் மேசை விளையாட்டு. ஏழு வருடமாகக் கதை நடத்துவது நான்தான். அதற்கான கையேடுதான் டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு 320 பக்கம். அதில் மந்திரப் பொருள்களைப் பற்றிய ஏழாம் அத்தியாயத்தின் ஓரங்கள் மட்டும் என் விரல் பட்டுப் பட்டுக் கறுத்துப்போய்விட்டன. 2024 நவம்பரில் புதுப் பதிப்பு வந்தபோது நான் முதலில் திறந்ததும் அந்தப் பகுதியைத்தான். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்: ஒரு மந்திரப் பொருளை யார் செய்கிறார்கள், செய்தபின் அதை யார் ஆள்கிறார்கள்.

ஆளுவதைப் பற்றிய விதிகள் பிரமாதம். அடிப்படை, அட்யூன்மென்ட். எங்கள் மேசையில் அதை ‘வசமாதல்’ என்போம். வலுவான பொருள் எதுவும் எடுத்தவுடன் வேலை செய்யாது. குறைந்தது ஒரு மணி நேரம் வேறு எதிலும் மனம் போகாமல் அதைத் தொட்டபடி உட்கார வேண்டும். ஒருவருக்கு மூன்று பொருள்தான் வசமாகும். நான்காவது வேண்டுமென்றால் ஒன்றைக் கைவிட வேண்டும். நூறு அடிக்கு அப்பால் ஒரு நாள் முழுக்க விட்டுவைத்தால் பந்தம் அறுந்துவிடும். சில பொருள்கள் ஆளையும் பார்க்கும்: இன்ன குணம் உள்ளவருக்குத்தான், இன்ன குலத்தாருக்குத்தான் என்று. மணிமேகலை படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஆபுத்திரன் அமுதசுரபியைக் கோமுகிப் பொய்கையில் விடும்போது, ஆண்டுக்கு ஒருமுறை எழுந்து, உயிர்களைக் காக்கும் அருள் உள்ளவர் கையில் சேர் என்று சொல்லித்தானே விடுகிறான்? யாரிடம் சேர வேண்டும் என்பது அந்தப் பாத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது.

தீப்பந்து எறியும் மந்திரக்கோலில் ஏழு சார்ஜ், அதாவது எறிய எறியச் செலவாகும் சக்தி. தினமும் விடியலில் கொஞ்சம் திரும்ப ஏறும். ஆனால் கடைசிச் சார்ஜையும் செலவழித்தால் இருபது பக்கப் பகடையை உருட்ட வேண்டும்; 1 விழுந்தால் கோல் சாம்பலாகிவிடும். இந்த ஒற்றை வரியால், கடைசிச் சார்ஜ் இருக்கும்போது என் மேசையில் யாரும் அவசரப்பட்டுக் கோலைத் தூக்குவதில்லை. சபிக்கப்பட்ட பொருளின் சாபம், பொருளின் இயல்பைக் கண்டறியும் ‘ஐடென்டிஃபை’ மந்திரத்துக்கே தென்படாது என்ற விதியும் எனக்குப் பிடிக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே, புத்தி உள்ள பொருள்கள். அவற்றுக்கு அறிவு, விவேகம், கரிஸ்மா (ஆளுமையின் வலு) மூன்றும் எண்ணாக உண்டு. பேச்சு உண்டு, நோக்கமும் உண்டு. பிளாக்ரேஸர் என்ற கரிய வாள் 1979-இல் வந்த ஒரு சாகசத்திலிருந்து வருகிறது. அதன் ஒரே நோக்கம் உயிர்களை விழுங்குவது. யாருடைய உயிர் என்ற கணக்கு கிடையாது, பிடித்திருப்பவரின் உயிரும் சேர்த்தி. மூன்று நாள் பட்டினி கிடந்தால், சூரியன் மறையும் நேரத்தில் பிடித்திருப்பவரோடு மோதும்.

எங்கள் ஆட்டத்தில் அந்த மூன்றாம் நாள் மாலை எல்லோரும் ஒரு படகில் இருந்தார்கள். வாளை வைத்திருந்தது என் தோழி ஆடும் திருடி. கரையே கண்ணில் படவில்லை. உயிர் என்று சொல்ல இவர்களும் படகோட்டியும்தான். ‘பசிக்கிறது, அந்தக் கிழவன் போதும்’ என்று வாள் சொன்னது. அவள் மறுத்தாள். உடனே வாள் அவளையே ஆளப் பார்த்தது. தப்பிக்க 12-உடன் வாளின் கரிஸ்மா தரும் கூடுதல் 4-ஐக் கூட்டி 16 எடுக்க வேண்டும். உருட்டினாள், எல்லாம் சேர்த்து 10. ஒன்றிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் வரை அவள் வாளின் பிடியில். அறையில் சத்தமே இல்லை. அப்போது குள்ளர் குலத்துக் கொல்லனாக ஆடும் என் அக்கா மகன் கையேட்டைத் தன் பக்கம் இழுத்து, விரல் வைத்துப் படித்தான்: அடிபட்டால் மறுபடி உருட்டலாம். நிமிர்ந்து, “அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க” என்று சொல்லிவிட்டு, சுத்தியல் பிடியால் அவள் தோளில் ஒன்று போட்டான். இரண்டாவது உருட்டலில் 17. வாள் அடங்கியது. படகோட்டிக்கு ஒன்றுமே தெரியாது. இப்படி ஒரு மாலையை எனக்குக் கொடுத்தது இந்தக் கையேட்டின் இரண்டு பக்கம்.

செய்வதைப் பற்றிய விதிகளுக்கு வந்தால்தான் 2014 பதிப்பு என்னை ஏமாற்றுகிறது. கோவை கணபதியில் அப்பாவுக்கு லேத் பட்டறை இருந்தது. ஒரு புஷ் (தண்டு சுழல்வதற்கான உலோக உருளை) கடைவதென்றால் கன்மெட்டலா வார்ப்பிரும்பா என்று பார்ப்பார், டூலைத் தீட்டுவார், வெர்னியர் வைத்து அளந்த பிறகும் விரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பார். வருடங்கள் கழித்து மில்லிலிருந்து கழற்றி வந்த புஷ்ஷைக் கையில் வாங்கியதும் “இது நம்ம கடைஞ்சது” என்பார். அந்தக் கை இந்தப் பதிப்பில் எங்கும் இல்லை. பொருளைச் செய்பவர் மந்திரம் தெரிந்தவராக இருந்தாக வேண்டும். கொல்லன் எவ்வளவு தேர்ந்தவனானாலும் அவனால் முடியாது. மற்றபடி நாளுக்கு 25 பொற்காசு வேலை என்ற கணக்குதான். அபூர்வப் பொருளுக்கு 5,000 காசு, அதாவது 200 நாள். காவியப் புகழ் உள்ள பொருளுக்கு ஐந்து லட்சம் காசு. அக்கா மகன் நோட்டில் வகுத்துப் பார்த்தான்: 20,000 நாள். “சித்தி, இது கிட்டத்தட்ட அம்பத்தஞ்சு வருஷம். செய்யறதுக்குள்ள கதையே முடிஞ்சிரும்” என்றான். எத்தனை காசு என்று இருக்கிறது, என்ன இரும்பு, எந்த உலை என்று இல்லை.

2024 பதிப்பு இதைப் பாதி சரிசெய்திருக்கிறது. அர்கானா என்ற மந்திர அறிவில் பயிற்சியும் அந்தத் தொழிலுக்குரிய கருவியில் பயிற்சியும் இருந்தால் போதும். மந்திரம் ஏவும் பொருளாக இல்லாதவரை மந்திரவாதியாக இருக்க வேண்டியதில்லை. அபூர்வப் பொருளுக்கு 50 நாள், 2,000 காசு. காவியப் பொருளுக்கு 250 நாள், ஒரு லட்சம் காசு. எங்கள் கொல்லன் ஆறாம் லெவலில் ஒரு ஃபீட்டை, அதாவது பாத்திரம் வளரும்போது கிடைக்கும் சிறப்புத் திறனை, இதற்கென்றே ஒதுக்கி அர்கானா கற்றுக்கொண்டான். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்தபோது புதுப் பதிப்புக்குக் கொடுத்த காசு சரிதான் என்று தோன்றியது. ஆனாலும் உலைக்குள் என்ன நடக்கிறது என்பதில் இந்தப் பதிப்பும் வாய் திறக்கவில்லை.

2014 பதிப்பு ஏற்கெனவே கையில் இருந்து, உங்கள் ஆட்டத்தில் யாரும் எதையும் செய்யப்போவதில்லை என்றால் புதிது தேவையில்லை. பட்டறை போட ஆசைப்படும் ஒருவர் இருந்தாலும் 2024-ஐ வாங்குங்கள்.

மிச்சத்துக்கு நானே ஒரு விதி சேர்த்திருக்கிறேன்: செய்பவர், தான் இழக்க விரும்பாத ஒன்றைப் பொருளுக்குள் வைக்க வேண்டும். அக்கா மகன் வெகுநேரம் யோசித்துவிட்டு, கொல்லனுக்கு அவனுடைய குரு விட்டுச்சென்ற இரும்புக் குறட்டை உருக்கிச் சுத்தியல் தலையில் சேர்த்தான். 50 நாள் முடிந்தது. அன்றிரவு நான் தனியாக உட்கார்ந்து, நான்கு பகடை உருட்டிக் குறைந்ததை விட்டு, சுத்தியலுக்கு அறிவு, விவேகம், கரிஸ்மா மூன்றையும் எழுதிவைத்தேன். அது குருவின் குரலில் பேசப்போகிறது என்று அவனுக்கு இன்னும் தெரியாது.