மைல்ஸ்லயே ஊருக்குப் போயிட்டு வந்தேன்: பார்ட்னர் ஏர்லைன் சீட் தேடுனதும் அதுக்கப்புறம் நடந்ததும்

இந்த ஜூன்ல அமெரிக்காவுலேர்ந்து ஊருக்குப் போயிட்டு ஜூலை கடைசில திரும்பி வந்தாச்சு. போகும்போது நான், வைஃப், பாப்பா மூணு பேர், வரும்போது அம்மாவையும் கூட்டிக்கிட்டு நாலு பேர், ஆக ஏழு டிக்கெட், ஏழும் மைல்ஸ்ல, அதாவது காசுக்கு பதிலா ஏர்லைன் பாயின்ட்ஸ்ல எடுத்தது. எப்படி கிடைச்சுதுன்னு தெரிஞ்சவங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் ஃபோன்ல சொல்றதுக்கு மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். சீட் தேடுன கதையோட நிறுத்தாம கால் சென்டர்லயும் ஏர்போர்ட் கவுன்டர்லயும் நடந்ததையும் எழுதுறேன், ஏன்னா மைல்ஸ் டிக்கெட்டுக்கு பாதி வேலை புக் பண்ணதுக்கு அப்புறம்தான் இருக்கு.

அம்மாவுக்கு 71 வயசு, ரெண்டு முட்டியும் வலி. அவ்வளவு நேரம் காலை மடக்கியே உக்கார வைக்க எனக்கு மனசு வரல, அவங்களுக்கும் பக்கத்துல இருந்து பாத்துக்க எனக்கும் வரும்போது பிசினஸ் கிளாஸ், மத்த அஞ்சு டிக்கெட்டும் எகானமின்னு முடிவு பண்ணேன். காசு குடுத்து அந்த ரெண்டு பிசினஸ் டிக்கெட் வாங்குறது நம்மளால முடியாது, அதனாலதான் நாலு வருஷமா ஏர்லைன் மைல்ஸா மாத்திக்கக்கூடிய கிரெடிட் கார்டு பாயின்ட்ஸை ஒண்ணைக்கூட வேற எதுக்கும் செலவு பண்ணாம சேத்து வச்சிருந்தேன்.

நிறைய பேர் மைல்ஸை பேங்க்ல இருக்குற பணம் மாதிரி நினைச்சுக்கிறாங்க, ஒன்றரை லட்சம் இருக்கு டிக்கெட் எடுத்துடலாம்னு. நம்ம கிட்ட எவ்வளவு இருந்தாலும் அந்த ஃப்ளைட்டை ஓட்டுற ஏர்லைன் அந்த தேதிக்கு பார்ட்னருங்களுக்குன்னு, அதாவது அவங்களோட கூட்டு வச்சிருக்குற மத்த ஏர்லைன்களுக்குன்னு, சீட்டை விட்டா மட்டும்தான் நமக்கு கிடைக்கும். ஸ்டார் அலையன்ஸ்ங்கிற ஏர்லைன் கூட்டணில எகானமிக்கு எக்ஸ், பிசினஸுக்கு ஐ, ஃபர்ஸ்ட்டுக்கு ஓ, இந்த புக்கிங் கிளாஸ்லதான் அந்த சீட்டுங்க இருக்கும். ஃப்ளைட்ல முப்பது சீட் காலியா இருந்தாலும் எக்ஸ்ல பூஜ்யம்னு இருந்தா பார்ட்னர் மைல்ஸ்ல எடுக்க முடியாது. இது புரிஞ்ச அன்னைக்குதான் நான் தேடுற விதமே மாறுச்சு: மொதல்ல சீட், அப்புறம் எந்த ஏர்லைனோட மைல்ஸ் புரோகிராம்ங்கிறது, பாயின்ட்ஸை மாத்துறது கடைசில.

அலையன்ஸ் கணக்கு தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடுறேன். ஸ்டார் அலையன்ஸ் 1997ல ஏர் கனடா, லுஃப்தான்ஸா, எஸ்ஏஎஸ், தாய், யுனைட்டட்னு அஞ்சு பேர் சேந்து ஆரம்பிச்சது, அதுல எஸ்ஏஎஸ் 2024ல ஸ்கைடீம்ங்கிற இன்னொரு அலையன்ஸுக்கு மாறிடுச்சு, ஏர் இந்தியா 2014 ஜூலைல உள்ள வந்தது. அதனால யுனைட்டட் மைல்ஸ் வச்சிருக்குற நம்ம, லுஃப்தான்ஸாவுலயோ சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்லயோ தாய்லயோ ஏர் இந்தியாவுலயோ சென்னைல போய் இறங்கலாம். மூணாவது அலையன்ஸான ஒன்வேர்ல்டு பக்கம் பாத்தா பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார், அப்புறம் ஸ்ரீலங்கன். திருச்சி மதுரை பக்கம் ஊர் இருக்குறவங்க ஸ்ரீலங்கனை மறந்துடுறாங்க, கொழும்பு வழியா நேரா அங்கயே இறங்கலாம், சென்னைக்குப் போய் திரும்ப கீழ வர வேண்டியதில்ல. இண்டிகோ இந்த மூணு அலையன்ஸ்லயும் இல்ல, அதனால டெல்லி வரைக்கும் மைல்ஸ்ல வந்துட்டு அங்கேர்ந்து இண்டிகோவுல தனி டிக்கெட் எடுத்தீங்கன்னா பெட்டியை எடுத்து மறுபடி போடணும், மொத ஃப்ளைட் லேட்டானா ரெண்டாவது ஃப்ளைட்டுக்கு யாரும் பொறுப்பு ஏத்துக்க மாட்டாங்க. குழந்தையோடயோ பெரியவங்களோடயோ வரும்போது அந்த ரிஸ்க் எடுக்காதீங்க, இது என்னோட உறுதியான கருத்து.

போறதுக்கு தேதி பாப்பாவோட ஸ்கூல் லீவுதான், மாத்த முடியாது. யுனைட்டட் 337 நாள் முன்னாடி காலண்டரை தொறக்குறாங்க, சிங்கப்பூர் 355 நாள், ஒவ்வொருத்தருக்கும் ஒரு கணக்கு, அதனால போன ஜூலைலயே உக்காந்து பாக்க ஆரம்பிச்சேன். மொதல்ல மூணு பேர்னு போட்டுத் தேடி ஒண்ணும் வரலன்னு ஒரு வாரம் வீணா போச்சு. ஒரே ஒரு ஆளுன்னு போட்டுத் தேடுங்க, அப்புறம் ரெண்டு, அப்புறம் மூணு. கம்மி மைல்ஸ் சீட் ரெண்டுதான் இருக்குன்னா மூணு பேர்னு கேக்கும்போது அதைக் காட்டாது, ஒண்ணு இல்லன்னு சொல்லும், இல்லன்னா எல்லாருக்குமே அதிக மைல்ஸ் கேக்கும். எனக்கு நியூவர்க்லேர்ந்து ஃப்ராங்க்ஃபர்ட் யுனைட்டட், அங்கேர்ந்து சென்னை லுஃப்தான்ஸா, இதுல ரெண்டு சீட் கம்மி மைல்ஸ்ல இருந்தது, உடனே எடுத்துட்டேன். மூணாவதை அதே ஃப்ளைட்ல அதிக மைல்ஸ் குடுத்தே எடுத்து வச்சேன், ஏன்னா யுனைட்டட்ல அவார்டு டிக்கெட்டை, அதாவது மைல்ஸ்ல எடுத்த டிக்கெட்டை, கிளம்புறதுக்கு முன்னாடி கேன்சல் பண்ணா மைல்ஸ் அப்படியே திரும்ப வந்துடும், அதுக்கு ஃபீஸ் கிடையாது. தினமும் காலைல ஒரு தடவ பாத்துக்கிட்டே இருந்தேன், அக்டோபர்ல ஒரு நாள் கம்மி மைல்ஸ் சீட் ஒண்ணு வந்தது, அதை எடுத்துட்டு பழசை கேன்சல் பண்ணேன், சேமிச்ச மைல்ஸ் அம்மா டிக்கெட்டுக்கு உதவுச்சு. எல்லா புரோகிராம்லயும் இப்படி ஃபீஸ் இல்லாம திருப்பித் தர மாட்டாங்க, எடுக்குறதுக்கு முன்னாடி அதைப் பாத்துக்கோங்க.

தேடும்போது இன்னொரு சங்கடம், மேரீட் செக்மென்ட்னு சொல்லுவாங்க. ஃப்ராங்க்ஃபர்ட் வரைக்கும் தனியா கேட்டா சீட் இருக்கும், ஃப்ராங்க்ஃபர்ட் சென்னை தனியா கேட்டாலும் இருக்கும், ரெண்டையும் சேத்து ஒரே டிக்கெட்டா கேட்டா இல்லன்னு வரும், சில சமயம் தலைகீழா தனித்தனியா இல்லாதது சேத்து கேட்டா வரும். அதனால ரெண்டு விதமாவும் தேடிப் பாக்கணும். சீட்ஸ் ஏரோ, பாயின்ட் மீ மாதிரி தேடிக் குடுக்குற தளங்கள் நிறைய நேரத்தை மிச்சப்படுத்துது, எக்ஸ்பர்ட்ஃப்ளையர்ல எந்த கிளாஸ்ல எத்தனை சீட்னே பாக்கலாம் அலர்ட்டும் போடலாம். ஆனா சீட்ஸ் ஏரோவுல சும்மா பட்டியலைப் பாக்கும்போது வர்றது கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி எடுத்து வச்ச தகவல், அந்த நிமிஷத்து நிலவரம் இல்ல, ஏர்லைன் தளத்துலயே போய் பணம் கட்டுற பக்கம் வரைக்கும் போய்ப் பாக்குற வரைக்கும் நம்பக்கூடாது.

இதை நான் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். வரும்போது வேண்டிய ரெண்டு பிசினஸ் சீட் ஒரு புரோகிராம்ல காட்டுச்சு, நாலு மாசமா தேடுனது ஒரே நாள்ல ஒரே ஃப்ளைட்ல ரெண்டா இருக்கேன்னு சந்தோஷத்துல கார்டு பாயின்ட்ஸை உடனே அங்க மாத்திட்டேன். மாத்துறது ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுது, பேரு பாஸ்போர்ட் நம்பர் எல்லாம் போட்டு கடைசி பட்டனை அமுக்குனா எரர். மூணு தடவை முயற்சி பண்ணேன். கால் சென்டர்ல கேட்டா எங்களுக்கு அந்த சீட்டே தெரியல சார்னுட்டாங்க. ஃபேன்டம் சீட்னு இதைத்தான் சொல்றாங்க, ஓட்டுற ஏர்லைன் சிஸ்டத்துல போயிடுச்சு, இங்க திரைல மட்டும் பழசு நின்னுக்கிட்டு இருக்கு. கார்டுலேர்ந்து ஏர்லைனுக்கு போன பாயின்ட் திரும்ப வராது. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே இல்ல, நாலு வருஷ சேமிப்பு. அதே சீட்டை அதே அலையன்ஸ்ல இருக்குற வேற ஒரு ஏர்லைன் தளத்துலயும் தேடிப் பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும், ரெண்டு இடத்துலயும் இருந்தாதான் நிஜமான சீட். பிப்ரவரில வேற தேதில அதே புரோகிராம்ல சீட் கிடைச்சுது, இந்த தடவ ரெண்டு தளத்துல சரி பாத்து, கால் சென்டர்லயும் கேட்டு, அப்புறம்தான் கை வச்சேன். வைஃபுக்கும் பாப்பாவுக்கும் அதே ஃப்ளைட்ல எகானமி யுனைட்டட் மைல்ஸ்ல கிடைச்சுது, ரெண்டு தனி புக்கிங், ஒரே விமானம்.

ஒரே சீட்டுக்கு புரோகிராமுக்கு புரோகிராம் கை காசும் மாறும். லுஃப்தான்ஸா சீட்டை அவங்களோட மைல்ஸ் அண்ட் மோர்ல எடுத்தா சர்சார்ஜ்னு ஒரு தொகை மேல ஏறும், அதே சீட்டை யுனைட்டட்லயோ ஏர் கனடாவோட ஏரோப்ளான்லயோ எடுத்தா அது கிடையாது. ஏரோப்ளான் 2020 நவம்பர்லேர்ந்து அந்த சர்சார்ஜை எடுத்துட்டாங்க, பார்ட்னர் டிக்கெட்டுக்கு 39 கனடா டாலர் ஃபீஸ் மட்டும் வாங்குறாங்க. அமெரிக்காவுலேர்ந்து கிளம்புற டிக்கெட்டுக்கு 5.60 டாலர் செக்யூரிட்டி ஃபீஸ், அதோட நடுவுல இறங்குற ஏர்போர்ட் சார்ஜ் சேரும், அவ்வளவுதான். மைல்ஸ் எவ்வளவுன்னு மட்டும் பாக்காம இதையும் கூட்டிப் பாருங்க.

புக் பண்ண உடனே ரெண்டு வேலை. ஒண்ணு, ஓட்டுற ஏர்லைனோட தனி பிஎன்ஆர் வாங்கணும், நம்ம மைல்ஸ் புரோகிராம் குடுக்குற ஆறு எழுத்து நம்பர் பல சமயம் அவங்க தளத்துல வேலை செய்யாது, கால் பண்ணி கேட்டா சொல்லுவாங்க. ரெண்டு, 13 இலக்க டிக்கெட் நம்பர் வந்துருக்கான்னு பாக்கணும். மொத மூணு இலக்கம் யார் டிக்கெட் குடுத்தாங்கன்னு சொல்லும், 016னா யுனைட்டட், 014 ஏர் கனடா, 220 லுஃப்தான்ஸா, 098 ஏர் இந்தியா, 618 சிங்கப்பூர். புக்கிங் வேற டிக்கெட் வேற, புக்கிங் கன்ஃபர்ம்னு இருக்கும் டிக்கெட் நம்பர் இல்லாம இருக்கும், அப்படி இருந்தா ஏத்த மாட்டாங்க. அந்த ஏர்லைன் தளத்துக்கு போனதும் வீல்சேரையும் போட்டுடுங்க. நான் டிக்கெட் எடுக்கும்போதே மைல்ஸ் புரோகிராம்ல அம்மாவுக்கு வீல்சேர் சொல்லியிருந்தேன், ஓட்டுற ஏர்லைன்ல கேட்டா அப்படி ஒண்ணும் பதிவே இல்ல. வீல்சேர்லயும் மூணு வகை இருக்கு: படி ஏறுவாங்க தூரம் நடக்க முடியாது, படியே ஏற முடியாது, சீட் வரைக்கும் தூக்கிட்டுப் போகணும். அம்மாவுக்கு ரெண்டாவதுன்னு நான் தெளிவா சொன்னதால பஸ்ல கொண்டு போய் படி ஏறச் சொல்ற நிலைமை எங்கயும் வரல.

போறது ஒரு குறையும் இல்லாம முடிஞ்சுது. வரும்போதுதான் சோதனை. கிளம்புறதுக்கு ஒரு மாசம் முன்னாடி மொத ஃப்ளைட் நேரம் 50 நிமிஷம் மாறுச்சு, மெயில் வந்தது, அக்செப்ட் கொடுத்தேன், தளத்துல எல்லாம் கன்ஃபர்ம்னே இருந்தது. ராத்திரி சென்னை ஏர்போர்ட்ல கவுன்டருக்குப் போனா வைஃபுக்கும் பாப்பாவுக்கும் போர்டிங் பாஸ் வந்துடுச்சு, எனக்கும் அம்மாவுக்கும் வரல. கவுன்டர்ல இருந்த பொண்ணு ரெண்டு மூணு தடவ பாத்துட்டு, "சார் புக்கிங் இருக்கு, டிக்கெட் பழைய நேரத்துலயே நிக்குது, டிக்கெட் குடுத்தவங்கதான் மாத்தணும், எங்களால தொட முடியாது"ன்னுச்சு. டிக்கெட் குடுத்தவங்களுக்கு கால் பண்ணா ஏர்போர்ட்லயே மாத்துவாங்கன்னு சொல்றாங்க. இங்க அங்க, அங்க இங்கன்னு ஒரு மணி நேரம் பத்து நிமிஷம். அம்மா வீல்சேர்ல உக்காந்துக்கிட்டு, "என்னப்பா, நான் வேணா தங்கச்சி வீட்டுக்கே போயிடட்டுமா, நீங்க மூணு பேரும் போங்க"ன்னு கேட்டாங்க. அதை இப்ப எழுதும்போது கூட கஷ்டமா இருக்கு.

காப்பாத்துனது அந்த கவுன்டரோட சூப்பர்வைசர் மேடம். அவங்க வந்து திரையைப் பாத்துட்டு எனக்கு வார்த்தையே சொல்லிக் குடுத்தாங்க, "டைம் சேஞ்சுக்கு டிக்கெட்டை ரீஇஷ்யூ பண்ணணும்னு கேளுங்க சார், ரீவேலிடேட், அதாவது பழைய நம்பர்லயே மாத்தி விடுறேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க, புது டிக்கெட் நம்பர் வேணும்னு சொல்லுங்க." லைனை வச்சுட்டு மறுபடி கூப்பிட்டேன், வேற ஏஜென்ட், இதே வார்த்தையை அப்படியே சொன்னேன், பன்னெண்டு நிமிஷத்துல புது நம்பர் வந்துடுச்சு. அதுவரைக்கும் மேடம் கவுன்டரை விட்டுப் போகல, அம்மாவை ஏசி காத்து நேரா அடிக்காத இடத்துக்கு தள்ளி உக்கார வச்சாங்க. நாங்க மூன்றரை மணி நேரம் முன்னாடியே போயிருந்தோம், ரெண்டு மணி நேரம்னு போயிருந்தா அன்னைக்கு ஏறியிருக்க முடியாது. நேரம் மாறுச்சுன்னு மெயில் வந்தா அக்செப்ட் பட்டனோட விட்டுடாதீங்க, டிக்கெட் குடுத்த புரோகிராமுக்கு அன்னைக்கே கால் பண்ணி ரீஇஷ்யூ ஆயிடுச்சான்னு கேட்டு, ஓட்டுற ஏர்லைன் கிட்டயும் டிக்கெட் நம்பர் சரியா ஒட்டியிருக்கான்னு கேட்டுடுங்க. ரெண்டு கால்ல முடிஞ்சுருக்க வேண்டிய வேலை அது.

விமானத்துல சீட்டை நீட்டி விட்டதும் அம்மா அஞ்சு மணி நேரம் தூங்குனாங்க. வலி வந்ததுல இருந்து இப்படி ஒரேடியா தூங்கி ரொம்ப நாளாச்சுன்னு இறங்கும்போது சொன்னாங்க.

அவங்க திரும்பிப் போறது நவம்பர்ல. இந்த தடவ தனியா போகணும், அதனால நடுவுல மாறுறதுக்கு மூணு மணி நேரமாவது இருக்குற மாதிரி, ஒரே டிக்கெட்ல, ஒரே ஒரு பிசினஸ் சீட். ஒரு சீட்ங்கிறதால ரெண்டு தேடுனதை விட சுலபமா இருக்கணும், கிளம்புறதுக்கு கடைசி ரெண்டு வாரத்துல விக்காத சீட்டை தொறந்து விடுற ஏர்லைனும் உண்டு, ஆனா அம்மாவை அதுவரைக்கும் காத்திருக்க வைக்க மாட்டேன், எகானமில ஒண்ணு எடுத்து வச்சுட்டேன். அலர்ட் நாலு தேதிக்கு போட்டிருக்கேன், நேத்து வரைக்கும் எதுவும் வரல.